தேரைத் தூக்கி முதுகுல போடாதே, அம்மிணி

ஆகட்டும் அம்மிணி, நல்லா வந்திருக்குது. அவிநாசித் தேரு, வடம், வடத்தப் புடிச்ச சனம், மேல வெயிலு, கீழ நீர்மோரு ஊத்தற அண்டா வரைக்கும் ஒண்ணு பாக்கியில்லாம செல்போன்ல அள்ளிட்டு வந்துட்டே. இத அப்படியே துணியில அடிச்சுச் சுடிதார் தெச்சுப் போட்டுக்கப் போறயாக்கும். போட்டுக்க, யாரு வேண்டாங்கறா? கலசம் பிடரிகிட்ட வந்து நிக்கும். சக்கரம் ரெண்டும் எங்க வந்து உக்காரும்னு தெச்ச பொறவுதான் தெரியும்; பஸ்ஸுல சீட்டு கெடச்சா நீயும் அதும் மேலயே உக்காந்துக்கலாம். வடம் புடிக்கற சனத்துல பாதிப் பேர அக்குள் தையல் முழுங்கீரும். மீதிப் பேரு இழுத்துத் தேரு நகருமான்னு நீதான் பாத்துக்கோணும்.

மொகத்தத் தூக்கி வெச்சுக்காதே. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரத் தட்டி எழுப்பவே தெரியாது. துணி அடிக்கற பட்டறையில டிசைனர் பையனுக்கு டீ வாங்கிக் குடுக்கற சாக்குல பக்கத்துல நின்னு எட்டிப் பாத்ததுதான் நம்ம படிப்பு. அதுக்கு முன்னால டிரேசிங் மேசையில குனிஞ்சு பூவுக்குப் பூ மை வெச்ச ஆளு. அதெல்லாம் இப்ப யாருக்கு வேணும்? அதனால அப்புச்சி சொல்றதக் கேட்டே ஆகோணும்னு ஒண்ணுமில்ல. காதுல வாங்கி வெச்சுக்க. வேண்டாட்டி அக்கட்டக் காது வழியா உட்டுரு.

போட்டோவுக்கு ஒரு நடு இருக்குது, அம்மிணி. எத்தன பெரிய படமானாலும் கண்ணு நேரா ஒரு எடத்துல போய் நிக்கும். நீ எடுத்ததுல தேரு. ஊட்டுச் செவுத்துல தொங்கற கல்யாணப் படத்துல உங்க அம்மாயியோட மூக்குத்தி. நானும் பக்கத்துல நிக்கறேன், ஒருத்தனும் பாக்க மாட்டான். போட்டோவுக்கு நாலு ஓரமும் இருக்குது. சட்டம் போட்டு மாட்டுறோம். துணிக்கு நடுவுங் கெடையாது, ஓரமுங் கெடையாது. கட்டுனவ நடப்பா, குனிவா, கொசுவம் வெப்பா, இழுத்துச் சொருகுவா. அஞ்சரை மீட்டர் சேலையில முந்தி ஒண்ணுதான் கொஞ்சம் விரிஞ்சு நிக்கும்; மத்ததுல பாதி மடிப்புக்குள்ள போயிரும். தேர்தல் வந்தாச்சுன்னா சூரத்துல தலைவருக மூஞ்சியச் சேலையில அடிச்சு எறக்கறாங்களே, பாத்திருப்பே. கடையில பிரிச்சுப் போட்டா தலைவரு சிரிப்பாரு. கொசுவம் வெச்சாச்சுன்னா மூக்கு ஒரு மடிப்புல, மீசை அடுத்த மடிப்புல, கும்புட்ட கையி முழங்காலுக்குக் கீழ. எதிர்க்கட்சிக்காரன் பத்து மேடையில பேசிப் பண்ண முடியாதத ஒரு கொசுவம் பண்ணீரும்.

சங்கத்துத் தோழரு ஒருத்தரு இதுக்கு ரஷ்யா நாயம் ஒண்ணு சொல்லுவாரு. புரட்சிக்குப் பொறவு, 1920கள்ல, அங்கத்த இளவட்ட டிசைனருகளுக்குப் பூப்போட்ட சீட்டித்துணி மேல ஒரே கோவமாம். பூவெல்லாம் பழைய காலத்துச் சரக்கு, உழைக்கற சனத்துக்கு அது எதுக்குன்னு சொல்லி டிராக்டரு, பல்சக்கரம், ஏரோப்ளேனு, கரண்டு பல்பு, பேக்டரிப் பொகைபோக்கி எல்லாத்தையும் டிசைன் போட்டு, இவானோவோன்னு ஒரு மில்லு ஊருல அடிச்சுத் தள்ளுனாங்களாம். 1933ல அவங்க கட்சிப் பத்திரிகை பிராவ்தாவுலயே ஒருத்தன் கிண்டல் பண்ணி எழுதிட்டான்: முன்னால டிராக்டரு, பின்னால அறுப்பு மிசினு வெச்சுக்கிட்டு மனுசன் எப்படி வீதியில போறதுன்னு. ஸ்டாலின் காலத்துலயே பாவாடைக்கு ஒருத்தன் வாயத் தொறந்துருக்கான் பாத்துக்க. உனக்குத் தேரு பின்னால, செரி. முன்னால என்ன வெக்கப் போறே, அண்டாவா?

துணியில படத்த ஏத்தறதுல நாந்தான் மொத ஆளுன்னும் நெனச்சுக்காதே. நம்ம காஞ்சிபுரம், ஆரணித் தறி மேல உக்காந்திருக்குதே ஜக்கார்டு பொட்டி, அது ஜக்கார்டுன்னு ஒரு பிரான்சு தேசத்து ஆளோட பேரு. அவரு போய்ச் சேந்த பொறவு, 1839ல, லியோன் ஊரு நெசவாளிக அவரு உருவத்தையே பட்டுல நெஞ்சு எடுத்தாங்க. ஓட்டை போட்ட அட்டை மட்டும் 24,000. கணக்குப் போடற மிசினுக்குத் திட்டம் போட்டாரே பாபேஜு, இங்கிலாந்துக்காரரு, அவரு ஒண்ண வாங்கி ஊட்டுல வெச்சிருந்தாரு. வந்தவங்க அச்சடிச்ச படம்னே நெனச்சாங்களாம். உன்னோட கம்ப்யூட்டருக்குப் பாட்டன் யாருன்னா அந்த அட்டைதான், அது வேற நாயம். நான் சொல்ல வந்தது என்னன்னா, 24,000 அட்டை அடுக்கி நெஞ்சவங்க அதச் சுவத்துல மாட்டுனாங்க. வேட்டி கட்டலே.

நம்ம பக்கமும் 2008ல சென்னை சில்க்ஸ்காரங்க ரவிவர்மா ஓவியம் பதினொண்ண ஒரே பட்டுச் சேலையில நெஞ்சாங்க. வெல ஏறக்கொறைய 40 லச்சம். வீணையும் கையுமா பொம்பளைக கூட்டமா உக்காந்திருக்கற அந்தப் பெரிய படத்த முந்தியில வெச்சாங்க, பாத்தியா? சேலையில படத்துக்குன்னு ஒரு எடம் உண்டுன்னா அது முந்திதான்னு நெய்யறவனுக்குத் தெரியும். நீ தேரத்தான் போட்டாகோணும்னு ஒத்தக் கால்ல நின்னா முந்தியில போடு. இல்லீன்னா பனியன் நெஞ்சுல ஒரு கட்டத்துல போடு. திருப்பூருல அதுக்கு பிளேஸ்மெண்ட் பிரிண்ட்டும்பாங்க. ஒடம்பு முழுக்க ஓடற டிசைனுக்கு, அதான் ஆல் ஓவரும்பாங்க, நடு இருக்கற படம் ஆகவே ஆகாது.

அப்ப எது ஆகும்னு கேக்கறே. இப்பத்தான் கேட்டே. நாளைக்குக் காலைல இட்டேரியில எறங்கி நட. வேலாமரத்துப் பட்டை, தண்ணி வத்தி வெடிச்ச குளத்து மண்ணு, துருப் புடிச்ச தார் டின்னு, மழைக்கு உப்பிக் காரை பேந்த கோயில் மதிலு, மொளகா காயப் போட்ட களம், ஈரோட்டு மண்டியில கொட்டி வெச்ச மஞ்சக் கெழங்கு. நீ இத்தன நாளா செல்பி எடுக்கறதுக்கு ஒதுங்கி நின்ன செவுரு இருக்குதே, அதுல நீ நகந்தீன்னா டிசைன் தெரியும். எங்க வெட்டி எடுத்தாலும் அதுவா இருக்குதோ இல்லியோன்னு பாரு. களத்து மொளகாயில ஒரு முழம் வெட்டுனாலும் மொளகாக் களம், ஒரு சாண் வெட்டுனாலும் மொளகாக் களம். தேருல ஒரு சாண் வெட்டுனா வெறகு.

புடிக்கறதுலயும் ஒரு ஞாயம் இருக்குது. பொழுது எறங்கற நேரத்துல தங்கக் கலர்ல இருக்குதுன்னு நீங்கெல்லாம் ஓடுவீங்க. அந்நேரம் மொளகாய்க்கெல்லாம் நெழலு ஒரே பக்கமா நீளமா சாஞ்சு கெடக்கும். படத்துக்கு அது அழகு. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு துணி மிச்சம் புடிக்கறதுக்கு ஒரு பீஸ நேராவும் ஒரு பீஸத் தலைகீழாவும் போட்டு வெட்டுவாரு. அப்பறம் உன் முன்பக்கத்துல சூரியன் கெழக்க, முதுகுல மேக்க. அப்படி வேண்டாம், எல்லாத்தையும் ஒரே திக்குல வெட்டுங்கன்னு சொன்னீன்னா துணி கூடப் புடிக்கும், மொதலாளி உன்னைய மொறைப்பாரு. அதனால மோடம் போட்ட நாளா பாத்துப் போ. உன்ற நெழலு உழுகாம, செல்போன நட்டுக்கு நேரா கீழ பாத்துப் புடி. கொஞ்சம் சாஞ்சாலும் இக்கட்டத்து மொளகா பெருசு, அக்கட்டத்து மொளகா சிறுசுன்னு ஆயிப் போகும்.

அனுப்பறது எப்படின்னா, வாட்ஸப்புலயே அனுப்பு. அதுதான் சிக்கனம். படத்தச் சுருட்டிச் சின்னதாக்கி நிமிசத்துல கொண்டு போய்ச் சேத்தீரும். அப்பறம் பட்டறையில அத நாலு மடங்கு இழுத்துப் பெருசாக்கச் சொல்லு. இல்லாத புள்ளிய மிசினு தானா இட்டுக்கட்டி நெரப்பும். மொளகா கரைஞ்சு தக்காளிச் சட்டினி ஆகும். அதுக்கு 'அப்ஸ்ட்ராக்ட்'டுன்னு ஒரு பேரு வெச்சீன்னா திருப்பூரு காதர்பேட்டையில வித்துக்கூடப் போடலாம். அப்படி வேண்டாம், மொளகா மொளகாயாவே இருக்கோணும்னா கணக்கக் கேளு. உன்ற போனு 12 மெகாபிக்சல்னா படத்துல 4000க்கு 3000 புள்ளி. துணி நூலுதானே, மை கொஞ்சம் பரவும். இஞ்சிக்கு 150 புள்ளி தாராளம். 4000 புள்ளிக்கு 26 இஞ்சிக்கு மேல வருது. பேப்பர்ல அடிக்கற கணக்குல 300 வெச்சா 13 இஞ்சிதான். அத ஒரு துளி கொறையாம அனுப்போணும்னா டாக்குமெண்டுன்னு ஒரு வழி அதே வாட்ஸப்புல இருக்குது. இது எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறயா? டீ வாங்கிக் குடுத்தா எல்லாஞ் சொல்லுவாங்க.

இனி ரிப்பீட்டு. இதுலதான் உங்க சாப்ட்வேர்க்காரன எனக்கு ரொம்பப் புடிக்கும். எங்க கத்திரிக்கோலத் திருடிட்டுப் போயி உள்ள வெச்சுக்கிட்டு, பேர மாத்திட்டான்.

அந்தக் காலத்துல நாங்க ஒரு டிசைன வரைஞ்சா, அது மேல மேல வரும்போது மூட்டு தெரியக்கூடாது. அதுக்கு என்ன பண்ணுவோம்னா, வரைஞ்ச காயிதத்த நெடுக்க ஒரு வெட்டு, குறுக்க ஒரு வெட்டு. நாலு துண்டாச்சா? மேல இடது துண்டக் கீழ வலதுக்குக் கொண்டு போ, கீழ வலது துண்ட மேல இடதுக்குக் கொண்டு வா. மத்த ரெண்டையும் அதே கணக்குல மாத்து. பின்னால ஒட்டு. இப்ப வெளியில இருந்த ஓரம் பூராவும் உள்ள வந்து குருசு போட்டு நிக்கும். நடுவுல இருந்ததெல்லாம் ஓரத்துக்குப் போயிருக்கும். அது ஏற்கெனவே வெட்டுன எடம், ஒண்ணுக்கொண்ணு தானா பொருந்தும். உள்ள இருக்கற குருசு மேல பூவும் எலையும் வரைஞ்சு மூடிட்டா ரிப்பீட்டு முடிஞ்சுது.

உன்ற போட்டோஷாப்புல பில்டர்னு ஒரு மெனு, அதுக்குள்ள அதர், அதுக்குள்ள ஆப்செட். 4000 அகலத்துக்கு 2000 தள்ளு, 3000 ஒசரத்துக்கு 1500 தள்ளு, ரேப் அரவுண்டுங்கறதுல ஒரு டிக்கு. எங்க கத்திரியும் பசையும் அவ்வளவுதான். அப்பறம் வர்ற குருச குளோன் ஸ்டாம்ப்லயோ ஹீலிங் பிரஷ்ஷுலயோ நீயே மூடிக்கோணும். மூடும்போது ஒரே மொளகாய எடுத்து நாலு எடத்துல ஒட்டாதே. உனக்குத் தெரியாது, ஆனா கடையில நிக்கற பொம்பளைக்குத் தெரியும். அவங்க எல்லாம் எத்தனையோ படி மொளகாயில ஒரு சொத்தையக் கண்டுபுடிக்கறவங்க. மூடுன பொறவு இன்னொருக்கா வேற அளவுக்குத் தள்ளிப் பாரு, எங்கியாச்சும் கோடு மிச்சம் நிக்கும்.

இதுக்குப் போட்டோஷாப்புதான் வேணும்னும் இல்ல. அதக் காசு குடுத்து ஒருக்கா வாங்கி வெச்சுக்கற காலம் 2013லயே போச்சு; இப்ப மாசா மாசம் வாடகை. ஜிம்ப்புன்னு ஒண்ணு சும்மா குடுக்கறாங்க, அதுலயும் ஆப்செட் இருக்குது. கிரீட்டான்னு ஒண்ணு, அதுவும் சும்மா; டபிள்யூ எழுத்தத் தட்டுனா படம் நாலாப் பக்கமும் ஓடி நிக்கும், ஒரு மூலையில வரைஞ்சா எல்லா மூலையிலும் வரையும். போட்டோஷாப்புல அந்த வசதி, பேட்டர்ன் பிரிவியூன்னு, 2020 கடைசியிலதான் வந்துது. காசு கேக்கறவன் கடைசியில வந்திருக்கறான், பாத்துக்க.

இன்னொரு குறுக்கு வழி இருக்குது. அத உனக்கு எவனாச்சும் யூடியூப்புல சொல்லியே இருப்பான். படத்தக் கண்ணாடி புடிச்சாப்புல பொரட்டிப் பக்கத்துல ஒட்டு, அத மறுக்கா பொரட்டிக் கீழ ஒட்டு. ஒரு வேலையும் இல்லாம மூட்டு தானா மறைஞ்சுரும். அருமையான வழி. ஆனா எதப் பொரட்டி ஒட்டுனாலும் நடுக்கோட்டுல ஒரு மூஞ்சி முளைக்கும், அம்மிணி. பட்டையில இருந்த ரெண்டு முடிச்சு ரெண்டு கண்ணாகும், நடுவுல இருந்த வெடிப்பு மூக்காகும். மரப்பட்டையின்னு நெனச்சு நீ போட்டுட்டுப் போவே. நெஞ்சுல ஒரு முனியப்பன் உருட்டி முழிச்சுக்கிட்டு வருவாரு. அவரு நெஞ்சுல நின்னாக்கூடப் பரவால்ல, எங்க வந்து நிப்பாருன்னு தையக்காரன் கையில இருக்குது. சில சோடிப்பு என்னென்னமோ ஆயிரும், நான் பெரிய மனுசன், அதச் சொல்லக்கூடாது. கண்ணாடி வெக்கறதுன்னா வெச்சுக்க; அடிக்கறதுக்கு முன்னால ஊட்டுல ஒரு வாயாடிப் பொம்பளைகிட்டக் காட்டிரு. அவங்களுக்கு மொத மூஞ்சி தெரியும்.

மூட்டு மறைஞ்சாலும் இன்னொரு கெரகம் காத்துட்டு இருக்குது. போன்ல புடிச்ச படத்துல பெரும்பாலும் நடுவுல வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா, ஓரத்துல கொஞ்சம் மங்கலா இருக்கும். ஒத்தப் படமாப் பாத்தா ஒண்ணுந் தெரியாது. நூறு தடவ வரிசையா அடுக்குனா வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுன்னு துணி பூராவும் கட்டம் போட்ட லுங்கியாட்டம் நிக்கும். அதுக்கு ஆப்செட் இருக்கற அதே மூலையில ஹை பாஸ்னு ஒண்ணு இருக்குது. அளவப் பெருசா வெச்சு ஓட்டுனா மெல்ல மெல்ல மாறற வெளிச்சத்த வழிச்செடுத்துட்டு, மொளகாயோட சுருக்கத்தயும் காம்பயும் மட்டும் நிறுத்தும். கலரு வெளுத்துப் போகும், அதப் பொறவு ஏத்திக்கலாம். ரிப்பீட்டு போடறதுக்கு முன்னாலயே இதப் பண்ணீரோணும். பொறவு பண்றேன்னு நின்னீன்னா தலையில அடிச்சுக்குவே.

அப்பறம் அந்தச் செவத்த மொளகாக் களத்துல ஒரே ஒரு பச்ச மொளகா கெடக்குது பாரு. அதப் பாத்துத்தானே படமே எடுத்தே? தெரியும். அதத்தான் மொதல்ல அழிக்கோணும். பதறாதே. படத்துல ஒரு பச்ச மொளகா அழகு. துணியில அது முழத்துக்கு ஒருக்கா, அதே எடத்துல, அதே கோணல்ல திரும்பத் திரும்ப வரும். தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு மொளகாயே தெரியாது, பச்சப் புள்ளி வரிசையா நடக்கறதுதான் தெரியும். எதுல கண்ணு போய் நிக்குதோ அத எடுத்துரு. எடுத்தாச்சுன்னா அடுத்தது ஒண்ணு தெரியும், அதையும் எடு. கண்ணு நிக்க எடமில்லாம அலையுதுன்னு தெரிஞ்சா அப்ப நிறுத்து. பச்ச மொளகாய விடவே மனசில்லைன்னா பத்துப் பன்னெண்டாப் போட்டு எடத்துக்கு எடம் எறைச்சு உட்டுரு. கூட்டத்துல ஆரையும் தெரியாது.

வரிசை வரிசையா நேருக்கு நேரு அடுக்குனா எப்படியும் ஒரு கோடு ஓடத்தான் செய்யும். அதுக்குப் பழைய வைத்தியம், பக்கத்து வரிசையப் பாதி ஒசரம் கீழ எறக்கிப் போடறது. ஹாப் டிராப்பும்பாங்க. கண்ணு கோட்டப் புடிக்கப் போகும், அதுக்குள்ள அது கோணையா நழுவீரும். அப்பறம் கம்ப்யூட்டர விட்டு எந்திரிச்சு வாசப்படிக்கு வந்து, கண்ணச் சுருக்கி அங்கிருந்து பாரு. மானிட்டர்ல மூக்க வெச்சுக்கிட்டே டிசைன் பண்ற சோலி நகைக் கடைக்குத்தான் ஆகும்.

எங்க அடிக்கப் போறேங்கறதையும் முன்னாலயே கேட்டுக்க. டிஜிட்டல் மிசினுன்னா ரிப்பீட்டு எத்தன அளவு இருந்தாலும் அது கேக்காது, இங்க்ஜெட்டுதானே, தலைய ஆட்டிக்கிட்டு அடிச்சுட்டே போகும். ரோட்டரின்னா உருள ஸ்கிரீனு. ஹாலந்துக்கார ஸ்டோர்க் கம்பெனி 1963ல கண்காட்சியில வெச்சுக் காட்டுன சமாச்சாரம். அதோட சுத்தளவு பொதுவா 64 சென்டிமீட்டரு. உன் ரிப்பீட்டு 64, 32, 16ன்னு அதுக்குள்ள அடங்கோணும். 27ல டிசைன் போட்டுட்டு உருளைய நீட்டச் சொல்லி மல்லுக்கு நிக்காதே.

ரோட்டரியோ, மேசை மேல அடிக்கற டேபிளோ, ஸ்கிரீன்ல அடிச்சா கலருக்கு ஒரு ஸ்கிரீனு. உன் மொளகாப் படத்துல லச்சம் செவப்பு இருக்குது. அத்தன ஸ்கிரீனு போட்டா திருப்பூரே பத்தாது. போஸ்டரைஸ், இன்டெக்ஸ்டு கலருன்னு ரெண்டு வழி இருக்குது. எட்டு, ஆறு, அஞ்சுன்னு கொறச்சுட்டே வா. ஒவ்வொருக்காவும் ஐயோ போச்சேன்னு இருக்கும். ஆனா ஆறுல இருந்து அஞ்சுக்கு வரும்போது போட்டோங்கறது செத்து டிசைன் பொறக்கும், பாத்திருக்கேன். டிஜிட்டல்ல கலரு எத்தனன்னு கணக்கில்லயே, எதுக்குக் கொறைக்கோணும்பே. மிசினுக்கு வேண்டாந்தான். கட்டிக்கறவளுக்கு ரவிக்கை மேட்ச் பண்ண வேண்டாமா?

மானிட்டர்ல தெரியற கலர நம்பி நீ ஏமாறப் போறது உறுதி. கண்ணாடிக்குப் பின்னால வெளக்கு எரியுது அம்மிணி, எதுவும் பளிச்சுன்னுதான் தெரியும். துணிக்குப் பின்னால உன்ற ஒடம்புதான் இருக்குது, அது எரியாது. அந்தக் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நீலமும் சாதா மையில அப்படியே எறங்காது. அதனால ஸ்டிரைக் ஆப்னு ஒரு அரை மீட்டரு அடிச்சு வாங்கு. வாங்கி வெயில்ல ஒருக்கா, ஊட்டு வெளக்குல ஒருக்கா பாரு. சோப்புப் போட்டுத் தொவைச்சு மறுபடி பாரு. பனியன் துணின்னா ரெண்டு கையில புடிச்சு இழுத்தும் பாத்துரு. நெட்டு வசத்துல நிக்கற மொளகா என்ற வயித்து மேல வந்தா கொடமொளகா ஆயிரும்.

துணி எதுங்கறத வெச்சுத்தான் மை. பருத்தின்னா ரியாக்டிவ், துணிக்கு மொதல்ல சோடா, யூரியா, கஞ்சி எல்லாம் போட்டு ஊற வெச்சுக் காய வெச்சு, அடிச்ச பொறவு ஆவியில வேக வெச்சு, நல்லா அலசோணும். பாலியஸ்டருன்னா காயிதத்துல அடிச்சு, 200 டிகிரி சூட்டுல அமுக்குனா கலரு பொகையாயி நூலுக்குள்ள போயிரும். பட்டுக்கு வேற. பாலியஸ்டருக்கு உண்டானதப் பருத்தியில அமுக்கிட்டு, ரெண்டு தொவையில மொளகா வெளுத்துப் பூசணியாச்சுன்னு அழுகறவங்கள நான் பாத்துட்டேன்.

டிஜிட்டல்ல தண்ணி மிச்சமும்பாங்க, நெசந்தான். அது எங்களுக்கு லேசான நாயமில்ல. நொய்யல் ஆத்துல எந்தக் கலர்ல தண்ணி போகுதுன்னு பாத்து இந்த வருசம் வெளிநாட்டுல என்ன பேஷன்னு சொன்ன ஊரு இது. 2011 சனவரியில ஐகோர்ட்டு திருப்பூரு சாயப்பட்டறைகள ஒட்டுக்கா மூடச் சொன்னப்பத்தான் ஊரே முழிச்சுது. ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி நின்ன தண்ணியக் காட்டுக்கு உட முடியாம விவசாயிக பட்ட பாட்டை உங்கப்பன் சொல்லியிருப்பான். அதனால மை கம்மி, தண்ணி கம்மின்னு ஒரு மிசினு வந்தா எனக்குச் சந்தோசந்தான். ஆனா பருத்தி ரியாக்டிவ்னா அதையும் அலசித்தான் ஆகோணும். டிஜிட்டல்னு பேரு வெச்சதுனால சாயம் கம்ப்யூட்டருக்குள்ளயா போயிரும்?

வக்கீலு நாயம் ஒண்ணு சுருக்காச் சொல்லீர்றேன். நெட்டுல கெடக்கற படத்த எடுத்து டிசைன் போடாதே, எவனோ ஒருத்தன் இட்டேரியில நடந்து எடுத்த படம் அது. உன்ற சொந்தப் படத்துல போட்டதுன்னாலும் சூதானமா இரு. 1957ஆம் வருசத்துக் காப்பிரைட் சட்டத்துல 15ஆம் பிரிவுன்னு ஒண்ணு: டிசைன்னு பதியத் தக்கதப் பதியாம உட்டு, மிசின்ல 50க்கு மேல அடிச்சு எறக்கிட்டா அந்த டிசைனுக்குக் காப்பிரைட் நிக்காது. 2000ஆம் வருசத்து டிசைன் சட்டத்துல பதிஞ்சா 10 வருசம், நீட்டுனா இன்னும் 5. பதியோணும்னா அது வெளிய வராத புது டிசைனா இருக்கோணும். நீ ராத்திரி பன்னெண்டு மணிக்கு முடிச்ச கையோட இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டுத்தானே தூங்குவே? போடு. நூறு லைக்கு வரும். அதுல பத்துப் பேரு சூரத்துல இருந்து.

மொத டிசைனு செரியா வந்துச்சுன்னா உங்க அம்மாயிக்கு ஒரு சேலை அடிச்சுக் குடு. மொளகா போட்டது வேண்டாம். ஆயுசு பூரா களத்துல மொளகாயக் கிண்டிவிட்டவளுக்குக் கட்டற சேலையிலயும் அதான்னா உன்னைய வெரட்டி அடிப்பா. காரை பேந்த மதிலு நல்லா இருக்கும், நரைச்ச நீலத்துல. குடுக்கும்போது பிரிச்சுப் பாத்து, இதுல எங்கியாச்சும் உங்கப்புச்சி மூஞ்சி இருக்குதான்னு கேப்பா. இல்லேன்னு சொல்லிரு, மறு நிமிசம் கட்டிக்குவா.